நியான்சாவில் மண்வெட்டியும் ஏர்க்கலப்பையும்

1901 டிசம்பரில் உகாண்டா ரயில்பாதை விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள கிசுமுவை எட்டியபின், பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட, இன்றைய மேற்குக் கென்யாவிலுள்ள நியான்சா பகுதியில் இந்திய வணிகர்களின் சிறு கடைகள் பெருகின. அலிதினா விஸ்ராம் போன்ற பெருவணிகர்களின் கிளைகள் வழியாகத் துணி, உப்பு ஆகியவற்றுடன் இறக்குமதியான இரும்பு மண்வெட்டியும் ஊர்ப்புறங்களுக்கு வந்தது. அதே கடைக்காரர்கள் உழவர்களிடமிருந்து எள்ளையும் கால்நடைத் தோலையும் வாங்கிக்கொண்டார்கள்.

மண்வெட்டி மலிவானது, தனி ஒருவர் கையாளக்கூடியது, நிலத்தைக் கொத்தவும் களையெடுக்கவும் அது ஒன்றே போதும். பின்னர் பரவிய, எருது பூட்டும் இரும்புக் கலப்பையோ, மழை தொடங்கிய சில நாட்களிலேயே பெரும்பரப்பை உழுது முடிக்க உதவியது. ஆயினும் அதற்குப் பழக்கிய எருதுகளும் கணிசமான ரொக்கமும் தேவைப்பட்டன. கால்நடைகளுக்கு நோய் பரப்பும் செட்சி ஈ மிகுந்த ஏரியோரத் தாழ்நிலங்களில் மாடு வளர்ப்பதே கடினமாக இருந்தது.

கலப்பையை வெறும் முன்னேற்றமாக மட்டும் காண்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அது உழவைத்தான் விரைவாக்கியது, களையெடுப்பை அன்று. விதைத்த பரப்பு விரியவிரிய, அதில் குனிந்து களையெடுத்த பெண்களின் வேலைச்சுமையும் கூடியது. எனவே கலப்பை வாங்கிய குடும்பத்தாலும் மண்வெட்டியைக் கைவிட முடியவில்லை. கால்நடையும் சேமிப்பும் இல்லாத குடும்பத்துக்கோ, அருகிலுள்ள கடையில் கிடைத்த மண்வெட்டியே பொருத்தமான கருவியாக இருந்தது.