ஃபியோவில் வெரிஃபை: பேட்டர்னா, சிஆர்சி32சியா?

டிஸ்க் எவ்வளவு வேகம் என்று பார்த்தால் மட்டும் போதாது, எழுதியது அப்படியே திரும்பி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். டிஸ்க்கைச் சோதிக்கும் கருவியான ஃபியோவில் (fio) வெரிஃபை=பேட்டர்ன் போட்டால் நாம் கொடுத்த அதே பைட்டுகள் எல்லா பிளாக்கிலும் போகும், பிளாக்கின் தொடக்கத்தில் அதைப் பற்றிய விவரங்களை வைக்கும் ஹெடர் கிடையாது; எந்த பைட் மாறியது என்று பார்த்ததும் தெரியும். ஆனால் ஒரு பிளாக் தவறான இடத்தில் எழுதப்பட்டுவிட்டால்? எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் பிடிபடாது (பேட்டர்னிலேயே ஆஃப்செட்டை, அதாவது பிளாக் இருக்க வேண்டிய இடத்தை, பதிக்கவும் வழி இருக்கிறது, பலர் அதைச் செய்வதில்லை). வெரிஃபை=சிஆர்சி32சி, தரவிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணான செக்சம்மோடு ஆஃப்செட்டையும் ஹெடரில் வைப்பதால் இடம் மாறினாலும் சொல்லிவிடும், இந்தக் கணக்கை ஹார்டுவேரிலேயே செய்யும் எஸ்எஸ்இ4.2 உள்ள பிராசஸரில் சுமையும் குறைவு. நான் இதைத்தான் எடுப்பேன். அப்புறம், எதை எடுத்தாலும் டைரக்ட்=1 போடுங்கள், இல்லையென்றால் டிஸ்க்கைத் தொடாமல் மெமரியில் உள்ள நகலான பேஜ் கேஷிலிருந்தே படித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லக்கூடும்.