ஸ்டேஜ் 1 போலோவுக்கு எந்தப் பெட்ரோல்? 95, 99, 100 – நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ 2020-இல் இங்கே வந்தபோது கம்பெனி கொடுத்தது 110 பிஎஸ், 175 என்எம். ஸ்டேஜ் 1 ரீமேப் (உதிரிபாகம் மாற்றாமல் இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மட்டும் திருத்துவது) போட்டால் 130 பிஎஸ் தாண்டும், டார்க் 200 என்எம் தாண்டும். கூடுதலாக வரும் இந்தச் சக்தி இரண்டு வழியில் கிடைக்கிறது: டர்போ பூஸ்ட்டை ஏற்றுவது, இக்னிஷன் டைமிங்கை முன்னால் தள்ளுவது. இரண்டுமே சிலிண்டருக்குள் அழுத்தத்தையும் சூட்டையும் கூட்டும். பெட்ரோல் அதைத் தாங்கவில்லை என்றால், ஸ்பார்க்கின் தீ வந்து சேரும் முன்பே ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கும். நாக்கிங் என்பது அதுதான். ஆக்டேன் எண் காட்டுவது இந்தத் தாங்கும் திறனை மட்டுமே. 100 ஆக்டேனில் சக்தி அதிகம் அடைத்து வைத்திருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. ரீமேப் செய்யாத, கம்ப்ரஷன் 9.5:1 மட்டுமே உள்ள ராயல் என்ஃபீல்டு 650-இல் 100 ஆக்டேன் ஊற்றுவது வெட்டிச் செலவு.

ரீமேப் கடையில் முதலில் கேட்க வேண்டியது, இந்த மேப் (ரீமேப்பில் ஏற்றும் ஃபைல்) எந்த ஆக்டேனுக்கு எழுதியது, அது எந்த அளவுமுறை என்பதுதான். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஆர்ஓஎன் (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்) கணக்கு. அமெரிக்க பங்க்குகளில் ஆர்ஓஎன், எம்ஓஎன் (கடினமான நிலையில் அளக்கும் மோட்டார் ஆக்டேன் நம்பர்) இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். அங்கே 91 என்று இருப்பது நம் கணக்கில் சுமார் 95, 96. அங்கத்திய 93 இங்கே சுமார் 98. அமெரிக்க ட்யூனர் அனுப்பிய "91 மேப்"பை ஏற்றிவிட்டு 91 ஆர்ஓஎன் பெட்ரோல் ஊற்றினால் நான்கைந்து ஆக்டேன் பற்றாக்குறையோடுதான் வண்டி ஓடும். ஃபைலை வெளிநாட்டிலிருந்து வாங்கும் கடைகளில் இந்தக் குழப்பம் இன்னும் நடக்கிறது.

நம்மூரில் கிடைப்பவை: சாதா பெட்ரோல், இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95, பாரத் பெட்ரோலியத்தின் ஸ்பீட் 97, ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பவர் 99, இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் பத்து நகரங்களில் தொடங்கிய எக்ஸ்பி100. சாதா பெட்ரோலின் கதை மாறிவிட்டது. பிஎஸ்6 தரத்தில் அது 91. இப்போது பங்க்குகளில் வரும் இ20-இல் 20 சதவீத எத்தனால் சேர்ந்ததால் 95 என்று அரசே சொல்கிறது. எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூட்டை உறிஞ்சும். டிஎஸ்ஐ போல சிலிண்டருக்குள்ளேயே நேராக எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜினுக்கு இந்தக் குளிர்ச்சி நாக்கிங்கைத் தடுக்கும் விஷயத்தில் உண்மையான உதவி.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சுத்தமான பெட்ரோலுக்குச் சரியான காற்று-எரிபொருள் விகிதம் 14.7:1, இ20-க்கு சுமார் 13.5:1. அதாவது அதே காற்றுக்கு எடைக் கணக்கில் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதித்து ஓட்டும்போது ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) இதை ஃப்யூவல் ட்ரிம் (எரிபொருள் அளவைத் தானே கூட்டிக் குறைப்பது) மூலம் சரிசெய்துவிடும். முழு பூஸ்ட்டில் ஹை பிரஷர் பம்ப்பே எல்லைக்கு அருகில் வேலை செய்யும் மேப் என்றால் கலவை மெலிந்து, சூடு ஏறும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் ரப்பர் குழாய்களும் சீல்களும் பெரும்பாலும் இ10 வரைதான் உத்தரவாதம் பெற்றவை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். பழைய மேப்பில் ஓடும் போலோவுக்கு எங்கள் பரிந்துரை, இ20-ஐ வைத்து மறுபடி லாக் (ஓட்டும்போது சென்சார் அளவுகளின் பதிவு) எடுத்து, தேவைப்பட்டால் மேப்பைத் திருத்தி வாங்குவது.

எந்தப் பெட்ரோல் போதும் என்பதைக் காது சொல்லாது. டர்போ வண்டியில் நாக்கிங் சத்தம் வெளியே கேட்கும் நிலை வந்தால் ஏற்கெனவே தாமதம்தான். காரின் டயக்னாஸ்டிக் போர்ட்டில் ஓபிடி கருவியை மாட்டி ஆர்பிஎம், பூஸ்ட், உள்வரும் காற்றின் வெப்பநிலை, லாம்டா (காற்று-எரிபொருள் கலவையின் அளவு), ஒவ்வொரு சிலிண்டருக்குமான டைமிங் ரிடார்ட் (நாக்கிங்கைத் தவிர்க்க ஈசியூ ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும் டிகிரி) இவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடானபின் மூன்றாம் கியரில் 2,000-இலிருந்து 6,000 ஆர்பிஎம் வரை ஒரே மிதியாக மிதித்துப் பதிவு செய்ய வேண்டும். கார் நின்றபடியே சக்கரம் சுழலும் டைனோ மேடையில் செய்வது உத்தமம். பொதுச்சாலை இதற்கான இடமில்லை. மூன்று சிலிண்டரிலும் ரிடார்ட் பூஜ்யத்துக்கும் 3 டிகிரிக்கும் இடையில் வந்துபோனால் பெட்ரோலும் மேப்பும் பொருந்துகின்றன. எல்லாச் சிலிண்டரிலும் 4, 5 டிகிரி தொடர்ந்து நின்றால் ஆக்டேன் போதவில்லை. அந்த நிலையில் ஈசியூ டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து, காசு கொடுத்து வாங்கிய சக்தியைத் தானே திருப்பி எடுத்துக்கொள்கிறது; எக்ஸாஸ்ட் சூடும் ஏறுகிறது. ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தனியாக 6 டிகிரி இழுத்தால் பெட்ரோலைக் குறை சொல்லாமல் அந்தச் சிலிண்டரின் பிளக், காயில், இன்ஜெக்டர் மூன்றையும் பாருங்கள்.

லாக்கில் காற்றின் வெப்பநிலையைக் கட்டாயம் சேர்த்துப் படிக்க வேண்டும். டிசம்பர் காலை ஊட்டியில் 95-இல் சுத்தமாக வரும் மேப், மே மாத மதியம் வேலூர் டிராஃபிக்கிலிருந்து வெளியே வந்ததும் ரிடார்ட் காட்டும். 95-க்கும் 99-க்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகத் தெரிவது இந்தச் சூட்டில்தான்: 99-இல் இரண்டாவது, மூன்றாவது மிதியிலும் இழுவை குறையாது. குளிரில் வித்தியாசம் மிகக் குறைவு. ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு விலை மிக அதிகமான எக்ஸ்பி100-ஐ விட, 95-க்கு எழுதிய மேப் அறிவான தேர்வு.

ஆக்டேன் தீர்க்காத நோய் ஒன்று உண்டு. ஆறாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் எல்எஸ்பிஐ (லோ ஸ்பீட் ப்ரீ-இக்னிஷன்) வரலாம். பிஸ்டன் ரிங் இருக்கும் பகுதியை ஒரே அடியில் உடைக்கும் வலிமை அதற்கு உண்டு. இதற்கு மருந்து, ஏபிஐ எஸ்பி தரமும் காருக்குரிய ஃபோக்ஸ்வேகன் அப்ரூவலும் உள்ள ஆயில், நேரத்துக்கு மாற்றுவது, கியரைக் குறைத்து மிதிப்பது. பிளக் விஷயத்தில் ட்யூனர் சொன்னால் ஒரு படி குளிர்ந்த வகை. என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ந்தது, போஷில் எண் குறைந்தால் குளிர்ந்தது. பிளக் முனைகளின் இடைவெளியை (கேப்) பொதுவாக 0.6 முதல் 0.7 மி.மீ. வைத்தால் ஏற்றிய பூஸ்ட்டில் ஸ்பார்க் அணையாது.

ஆக்டேன் பூஸ்டர் டப்பாக்களை நம்ப வேண்டாம். "30 பாயின்ட் ஏறும்" என்று எழுதியிருந்தாலும் அது வெறும் 3 ஆக்டேன்தான்; பெரும்பாலும் 10 பாயின்ட் என்பது ஒரே ஒரு ஆக்டேன். மாங்கனீஸ் கலந்த எம்எம்டி வகை என்றால் பிளக் முனையில் செங்கல் நிறப் படிவு பூசிக்கொள்ளும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் நல்லதல்ல.

பெட்ரோல் மாற்றும்போது டேங்கின் மிச்சத்தையும் கணக்கிடுங்கள். 95 ஆக்டேன் 10 லிட்டர் கிடக்கும்போது 100 ஆக்டேன் 30 லிட்டர் ஊற்றினால் கிடைப்பது ஏறத்தாழ 98.7. எத்தனால் கலந்தவற்றில் இந்தக் கூட்டல் துல்லியமாக வராது, ஆனால் முடிவெடுக்கப் போதும். கலந்தபின் 50 கி.மீ. வரை சாதாரணமாக ஓட்டி ட்ரிம் பழகவிட்டு, அதன்பிறகு முழு மிதி.

99, 100 மேப் போட்டவர்கள் வெளியூர் கிளம்பும்முன் வழியில் எந்த பங்க்கில் அது கிடைக்கும் என்று பார்த்துவைப்பது அவசியம். பல மாவட்டங்களில் 95-க்கு மேல் கிடைக்காது. மேப் ஸ்விட்ச் வசதி இருந்தால் ஊர் எல்லை தாண்டும் முன்பே 95 மேப்புக்கு மாற்றிவிடுங்கள். அந்த வசதி இல்லாத வண்டியில் 95 ஊற்ற நேர்ந்தால், அந்த டேங்க் தீரும்வரை பாதி மிதிக்கு மேல் போகாமல், மலை ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்து 2,500 ஆர்பிஎம்முக்கு மேலேயே வைத்து ஓட்டுங்கள்.