ஆகஸ்ட்டா, டிசம்பரா? இரண்டு எரிகல் மழைகள்

ஆண்டுக்கு ஒரே ஒரு இரவுதான் தூக்கத்தை விட முடியும் என்றால், அதை எந்த எரிகல் மழைக்குக் கொடுப்பது? பேரும் புகழும் ஆகஸ்ட்டில் வரும் பெர்சீட்ஸுக்குத்தான். என் ஓட்டு டிசம்பரில் வரும் ஜெமினிட்ஸுக்கு.

முதல் காரணம் நேரம். பெர்சீட்ஸ் ஆகஸ்ட் 12, 13 வாக்கில் உச்சம் தொடும். அவை கிளம்பி வருவதுபோல் தோன்றும் பெர்சியஸ் நட்சத்திரக் கூட்டம் நள்ளிரவு தாண்டித்தான் நன்றாக மேலேறும். தெற்கே போகப் போக அதன் உயரமும் குறையும். ஒன்பது மணிக்கு அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒன்றையும் காணோமே" என்று படுக்கப் போகிறவர்களே அதிகம். டிசம்பர் 13, 14இல் வரும் ஜெமினிட்ஸ் அப்படி இல்லை. புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களில் ஒன்றான கேஸ்டர் அருகிலிருந்து அவை கிளம்புகின்றன. அந்த இடம் முன்னிரவிலேயே கிழக்கில் எழுந்து, இரண்டு மணி சுமாருக்கு உச்சிக்கு வந்துவிடும். குழந்தைகள் தூங்குவதற்குள் நாலைந்தாவது காட்டிவிடலாம்.

அடுத்தது வேகம். பெர்சீட்ஸ் துகள்கள் பூமிக்கு ஏறக்குறைய எதிர்த்திசையில் வந்து, விநாடிக்கு சுமார் 59 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் மோதுகின்றன. பைக்கில் போகும்போது எதிரே வரும் பூச்சி முகத்தில் அறைவது போல. ஜெமினிட்ஸ் பக்கவாட்டில் வருவதால் 35 கிலோமீட்டர்தான். கண்ணுக்கு இது பெரிய வித்தியாசம்: ஜெமினிட்ஸ் நிதானமாக வழுக்கிப் போகும், பெர்சீட்ஸ் சுருக்கென்று கிழிக்கும். ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு பரிசும் உண்டு. பிரகாசமான பெர்சீட் மறைந்த பிறகும் அது போன தடம், சரியாக அழியாத சாக்பீஸ் கோடு மாதிரி, ஓரிரு விநாடி மங்கலாக நிற்கும். ஜெமினிட்ஸில் அது அபூர்வம். இந்த ஒரு விஷயத்தில் ஆகஸ்ட்டை விட்டுக்கொடுக்க மனம் வராது.

பிறப்பிலும் சுவாரசியம் டிசம்பர் பக்கம்தான். பெர்சீட்ஸின் தாய், அதாவது அந்தத் துகள்களை உதிர்த்தது, 1862இல் கண்டுபிடிக்கப்பட்டு 1992இல் கடைசியாக வந்துபோன ஸ்விஃப்ட்-டட்டில் வால்மீன். ஜெமினிட்ஸின் தாயோ 1983இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தான் என்ற சிறுகோள். பாறை எப்படி இவ்வளவு தூசியை உதிர்த்தது என்பது இன்னும் தீராத விவாதம்.

எண்ணிக்கை? பெர்சீட்ஸ் மணிக்கு 100, ஜெமினிட்ஸ் 120க்கு மேல் என்பார்கள். அது கும்மிருட்டில், கிளம்பும் இடம் நேர் உச்சியில் இருந்தால் கிடைக்கும் கணக்கு. ஊர் வெளிச்சத்தில் அதில் சிறு பங்கு தேறினாலே பெரிது.

ஜெமினிட்ஸ் தோற்பது குளிரில். வடக்கு நாடுகளில் டிசம்பர் இரவில் அசையாமல் படுத்திருப்பது விளையாட்டில்லை. ஆகஸ்ட்டில் ஒரு பாய் போதும்.

நிலாதான் இரண்டுக்கும் பொது எதிரி. 2026இல் அந்தத் தொல்லை இல்லை. ஆகஸ்ட் 12 அமாவாசை, அன்றே சூரிய கிரகணமும் இருக்கிறது. டிசம்பர் 13 அன்று இளம்பிறை சீக்கிரமே மறைந்துவிடும். எதற்குப் போனாலும் தொலைநோக்கி வேண்டாம், அது வானத்தைக் குறுக்கிவிடும். போனையும் எடுக்காதீர்கள்: கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒரு மெசேஜ் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.