கொடைக்கானலில் இருந்து கடலுக்கு: தூண்டில் கயாக், நான்கு வருடப் பயன்பாடு

கொடைக்கானலில் வைத்துப் பராமரித்து, வருடத்துக்கு ஏழெட்டு முறை மணப்பாடு, திருச்செந்தூர் பக்கம் கொண்டுபோய் இறக்கும் இரண்டு கயாக்குகளைப் பற்றிய பகிர்வு இது. கயாக் என்பது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு. எங்களுடையவை இரண்டும் பத்தடி நீளம். மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை, ஒரே வார்ப்பான பாலிஎத்திலீன் உடல், வெறும் எடை 27 கிலோ. ஆழமான தண்ணீரில் இவற்றால் பெரிய தொல்லை வந்ததில்லை. உடைந்தது, தொலைந்தது, அடிபட்டது எல்லாமே கரையை ஒட்டிய ஐம்பது மீட்டருக்குள்தான். ஆகவே மீன் பிடிப்பதைப் பற்றி இங்கே அதிகம் இல்லை. இறக்குவதும் கரையேற்றுவதும்தான் விஷயம்.

மலையில் இருப்பவர்கள் செய்யும் முதல் தவறு வண்டியிலேயே தொடங்கிவிடுகிறது. கொடைக்கானலில் குடித்துவிட்டு மூடி வைத்த தண்ணீர் பாட்டில், வத்தலக்குண்டு போய்ச் சேர்வதற்குள் நசுங்கிக் கிடக்கும். கயாக்கும் அப்படி மூடிய ஒரு பாட்டில்தான். 2,100 மீட்டர் உயரத்துக் காற்றழுத்தம், கடல் மட்டத்து அழுத்தத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. உள்ளே புகுந்த நீரை வடிக்கும் துளையின் அடைப்பானை, அதாவது டிரெயின் பிளக்கை, இறுக்கி மூடிக்கொண்டு இறங்கினால் அடிப்பக்கம் உள்வாங்கும், அதோடு கேரியரில் கட்டிய பெல்ட்டும் தளரும். கொண்டை ஊசி வளைவில் பெல்ட் தளர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உள்ளறையை மூடும் ஹேட்ச் மூடியின் ரப்பரும் உள்ளே இழுபட்டு ஓரத்தில் வெட்டுப்படும். பிறகு கடல்நீர் அந்த வெட்டு வழியாகத்தான் நுழையும். எனவே புறப்படும் முன் பிளக்கைக் கழற்றி, ஒரு நூலால் கைப்பிடியிலேயே கட்டிவிடுங்கள். உள்ளே மிதவைப் பை வைப்பவர்கள் அதைக் கடற்கரையில் ஊதுங்கள். மலையில் ஊதிய பை கீழே தொளதொளவென்று கிடக்கும். திரும்பும்போது காற்றை இறக்காமல் விட்டால் மேலே போகப் போகப் புடைக்கும்.

கரைக்குப் போனதும் கயாக்கை இறக்க வேண்டாம். இருபது நிமிடம் உட்கார்ந்து அலையை எண்ணுங்கள். சிறிய அலைகள் வந்துகொண்டே இருக்கும். இடையில் நாலைந்து பெரியவை வரிசையாக வரும். அதன் பிறகு கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். இரண்டு மூன்று முறை இந்தச் சுற்றைப் பார்த்தால்தான் அந்த நாளின் பெரிய அலை எது என்று தெரியும். அது இடுப்புக்கு மேல் என்றால் அன்று நாங்கள் இறங்குவதில்லை. உயரம் குறைவாக இருந்தாலும் கரை செங்குத்தாகச் சரிந்து, அலை காலடியில் ஒரே அடியாக அறைந்து விழும் இடத்தையும் விட்டுவிடுகிறோம். தூரத்திலேயே உடைந்து நுரையாகப் பரவி வரும் சாய்வான மணல்தான் கயாக்குக்கு ஏற்றது. அலை உடையாமல் ஒரு பட்டை மட்டும் கருமையாக, அமைதியாகத் தெரிந்தால், தண்ணீர் உள்ளே இழுத்துப் போகும் பாதை அது. வெளியே போக உதவும், ஆனால் அதன் வழியே கரைக்குத் திரும்ப முயன்றால் துடுப்புப் போட்டே களைத்துப்போவீர்கள்.

காற்றே இல்லாத நாளிலும் ஏமாறலாம். தெற்கே வெகுதொலைவில் கிளம்பிய நீண்ட அலைகள், இங்கே எந்த அறிகுறியும் காட்டாமல் வந்து சேர்வதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம்) வெளியிடும் அலை முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டு அலைகளுக்கு இடையிலான விநாடிக் கணக்கையும் பாருங்கள். 15 விநாடிக்கு மேல் இருந்தால், கடலில் சிறிதாகத் தெரிவது கரையில் பெரிதாக எழும். எங்கள் அனுபவத்தில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். கச்சான் எனப்படும் மேற்குக் காற்று வலுக்கும் மாதங்களில் மலையிலேயே இருந்துவிடுகிறோம்.

இறக்கும் முன் மேல்தட்டில் எதுவும் இருக்கக் கூடாது. தூண்டில் ராடுகளை இரண்டாகக் கழற்றி, முள்ளை உறையில் போட்டு, உள்ளறையில் வையுங்கள். நிமிர்த்திச் செருகிய ராட், கவிழும்போது ஈட்டி. அலை உடையும் பகுதியில் துடுப்பைக் கயாக்கோடு கட்டும் கயிறு வேண்டாம். அது கழுத்திலும் காலிலும் சுற்றும். அலையைத் தாண்டிய பிறகு மாட்டிக்கொள்ளலாம். வடிதுளைகளின் அடைப்பான்களை எடுத்துவிடுங்கள், தட்டில் ஏறும் நீர் தானே வடியும். லைஃப் ஜாக்கெட்டைத் தண்ணீரில் கால் வைக்கும் முன்பே மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து இன்னொருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் பெல்ட் தளர்வு என்று பொருள். ஹெல்மெட் நீர்விளையாட்டுக்கானதாக இருக்க வேண்டும். பைக் ஹெல்மெட் நீரை மொண்டு கழுத்தை இழுக்கும்.

முழங்கால் ஆழத்தில் கயாக்கை மிதக்கவிட்டு, அணியத்தை, அதாவது முன்முனையை, அலைக்கு நேராகப் பிடித்து, இருக்கைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். பெரிய வரிசையின் கடைசி அலை போனதும் உட்கார்ந்து உடனே துடுப்புப் போட வேண்டும். இருக்கையைச் சரிசெய்வது, செருப்பைத் தேடுவது எல்லாம் வெளியே போன பிறகு. அலை வரும்போது முன்னே சாய்ந்து, துடுப்பின் அலகை அலையின் முதுகுக்கு அப்பால் ஊன்றி இழுங்கள். துடுப்பை முகத்துக்குக் குறுக்கே பிடித்தால், அலை அதைத் தள்ளிப் பல்லில் அறையும்.

கரையேறுவதில்தான் பெரும்பாலோர் அடிபடுகிறார்கள். களைப்பு ஒரு காரணம். மீன் கிடைத்த மகிழ்ச்சியில் ராடை மறுபடி உள்ளே வைக்க மறப்பது இன்னொன்று. மூன்றாவது, ஏரிப் பழக்கம். கொடைக்கானல் ஏரியில் படகு மெல்லக் கரை தட்டும், ஒரு காலை முன்னே வைத்து இறங்குவோம். கடலில் அப்படி இறங்கினால் நீங்கள் கரைக்கும் கயாக்குக்கும் நடுவில் நிற்பீர்கள். உள்ளே 80 லிட்டர் நீர் புகுந்த கயாக்கின் எடை 107 கிலோவுக்கும் சற்று மேல், ஏறக்குறைய ஒரு 100 சிசி பைக். அதை அடுத்த அலை உங்கள் முழங்காலில் வீசும். எந்த நிலையிலும் கயாக்கின் கடல் பக்கத்தில்தான் உங்கள் உடல் இருக்க வேண்டும். இறங்குவதும் அந்தப் பக்கம், கவிழ்ந்தால் பிடித்துக்கொள்வதும் அந்தப் பக்கம். கைப்பிடியில் விரலை மடக்குங்கள், மணிக்கட்டைச் சுற்றாதீர்கள். பிடி நழுவினால் விட்டுவிடுங்கள், கயாக் தானாகக் கரை சேரும்.

அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று, எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டி, வரிசை கடக்கும் வரை காத்திருங்கள். கடைசி அலையின் முதுகைத் துரத்தி வாருங்கள், அதன் முன்னே ஓடாதீர்கள். பின்னால் இன்னொன்று எழுவது தெரிந்தால் பின்னோக்கித் துடுப்புப் போட்டு அதை முன்னே போகவிடுங்கள். அலை உங்களைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் அதை நோக்கியே சாய்ந்து, துடுப்பைக் கடல் பக்க நுரையில் ஊன்றுங்கள். கரைப் பக்கம் சாய்ந்தால் ஒரு நொடியில் கவிழும். பாரம் அதிகமான நாளில் அணியத்தைக் கடலைப் பார்க்கத் திருப்பி, பின்பக்கமாகவே கரைக்கு வருவது எங்களுக்கு நன்றாக ஒத்துவந்தது. மெதுவான முறைதான், ஆனால் வரும் அலை கண்ணில் தெரிகிறது.

எங்கே இறக்கலாம் என்று அந்த ஊர் மீனவரிடம் கேட்டுவிடுங்கள். கரையில் இருந்தே இழுக்கும் கரைவலை போட்டிருந்தால் அதன் கயிறு வெகுதூரம் நீருக்குள் இருக்கும். அந்த இடம் உங்களுக்கு இல்லை. தூத்துக்குடிக்கு வடக்கே போனால், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் கால் வைக்கக் கூடாது. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டும் போனில் இருக்கட்டும்.

தேய்மானம்: வடிதுளையில் செருகும் தள்ளுவண்டி இரண்டாம் வருடமே துளை ஓரத்தில் கீறல் விட்டது. பெல்ட்டால் கட்டும் வண்டிக்கு மாறியபின் கீறல் கூடவில்லை. ராட் தாங்கியின் சாதாரணத் திருகுகள் துருப்பிடித்தன. 316 ரகத் துருப்பிடிக்கா எஃகு இன்றும் புதிது போல இருக்கிறது.

லைஃப் ஜாக்கெட்டுக்கு எமன் உப்பு மட்டுமல்ல, எங்கள் மூடுபனியும்தான். நல்ல நீரில் அலசித் தொங்கவிட்டாலும் ஜூலையில் நாலைந்து நாள் காயாது, தையலில் பூஞ்சை பிடிக்கும். அடுப்பு மேல் காயவைத்தால் உள்ளே உள்ள நுரைப்பலகை சுருங்கும். வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் டிரம்மில் சோதிக்கிறோம்: 5 கிலோ இரும்பு எடைக்கல், கூடவே அரைக் கிலோ, இரண்டையும் ஜாக்கெட்டில் கட்டி அமிழ்த்தி விட வேண்டும். நீருக்குள் அந்த இரும்பின் எடை 4.8 கிலோ அளவுக்குக் குறைந்துவிடும். 50 நியூட்டன் (ஏறக்குறைய 5 கிலோவைத் தூக்கும் மிதப்புத் திறன்) என்று எழுதிய ஜாக்கெட் அதைத் தூக்கிக்கொண்டு மேலே வர வேண்டும். வராத ஒன்றை இந்த வருடம் கத்தரியால் நாலு துண்டாக வெட்டினோம். அப்படியே போட்டு வைத்தால் யாராவது ஒரு குழந்தைக்கு மாட்டிவிடுவார்கள்.