ஒரு பக்கமா தேஞ்ச டயரை மாத்திப் போட்டா சரியாயிடும்னு சொன்னா நம்பாதீங்க

ஃப்ரண்ட் வீல் டிரைவ் கார் (முன் சக்கரம் இழுக்கற வண்டி) வச்சிருக்கவங்க, முன்னாடி டயர் ஒரு ஓரமா தேஞ்சிருக்குன்னு கடைக்குக் கெளம்புறவங்க இதை முழுசா படிச்சுட்டுப் போங்க. "ரொட்டேஷன் பண்ணிட்டா, அதாவது முன் டயர பின்னாடியும் பின் டயர முன்னாடியும் மாத்திப் போட்டா, நாலும் ஈவனாயிடும்"னு யாராவது சொன்னா, ஏன் தேஞ்சதுன்னு அவங்க காட்டுற வரைக்கும் வண்டிய ஜாக்கில ஏத்த விடாதீங்க. என்கிட்ட அப்படிச் சொல்லித்தான் மாத்திப் போட்டாங்க, இப்ப நாலு டயரும் போச்சு, அதுல ரெண்டு இன்னும் நல்லா ஓட வேண்டிய டயர்.

வண்டி லேசா ஒரு பக்கமா இழுத்துச்சு, ஸ்பீடு எடுத்தா முன்னாடியிருந்து ஒரு ஊளை சத்தம் வேற. ஸ்டீயரிங்க முழுசா திருப்பி வச்சுட்டு குனிஞ்சு பாத்தா, முன்னாடி ரெண்டு டயரும் வெளிப்பக்கம் பட்டன் (ரோட்டுல படற மேடும் பள்ளமும்) நல்லா இருக்கு, உள்பக்க ஓரம் மட்டும் கிட்டத்தட்ட மொட்டை. பின்னாடி ரெண்டும் சீரா, நல்ல ஆழத்தோட இருந்துச்சு. இதைத்தான் கடைல காட்டினேன். அங்க இருந்தவர் ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு "முன்னாடி இழுக்குற வண்டின்னா முன்னாடி டயர் சீக்கிரம் தேயத்தான் சார் செய்யும், மாத்திப் போட்டுடலாம், சரியாயிடும்"னு சொன்னார். அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிக்கற கோணம், பாக்க வேணாமான்னு கேட்டேன், அதுவும் சேத்து பண்ணிடுறோம்னு சொல்லி ரொட்டேஷன், பேலன்சிங் (சக்கரத்தோட எடைய சுத்தி சமமாக்கறது), அலைன்மென்ட் மூணுக்கும் பில் போட்டாங்க. ரிப்போர்ட் குடுங்கன்னு கேட்டதுக்கு பிரிண்டர் வேலை செய்யல, ஸ்க்ரீன்ல எல்லாம் பச்சைல வந்துடுச்சுன்னாங்க.

அவர் சொன்னதுல பாதி உண்மை, அதனாலதான் இது ஆபத்து. ஃப்ரண்ட் வீல் டிரைவ்ல எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னாடிதான் இருக்கு, வெயிட்டுல சுமார் 60 சதவீதம் முன்னாடி டயர் மேலதான் உக்காருது, வண்டிய இழுக்கறதும் அதுதான் திருப்பறதும் அதுதான், பிரேக்ல பெரும்பங்கும் அதுக்குத்தான், அதனால பின்னாடிய விட சீக்கிரம் தேயும். ஆனா அந்தத் தேய்மானம் டயரோட அகலம் முழுக்க ஓரளவு சமமா வரும், ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் கூட இருக்கலாம். உள் ஓரம் மட்டும் தனியா மொட்டையாகுதுன்னா அது சாதாரண தேய்மானமே இல்ல, டோ (மேலேர்ந்து பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கற கோணம்) இல்லன்னா கேம்பர் (முன்னாடியிருந்து பாத்தா சக்கரம் சாஞ்சு நிக்கற கோணம்) தப்பா இருக்கு, இல்ல ஏதோ ஒரு ஜாயிண்ட்ல ஆட்டம் இருக்குன்னு அர்த்தம். நடுவுல மட்டும் தேஞ்சா காத்து அதிகம், ரெண்டு ஓரமும் தேஞ்சு நடு மேடா நின்னா காத்து கம்மி, அங்கங்க பள்ளம் பள்ளமா இருந்தா ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பாக்கணும். டயர் மேல உள்ளங்கைய குறுக்கா தடவிப் பாருங்க, ஒரு பக்கமா தடவினா வழவழன்னும் திருப்பித் தடவினா ரம்பம் மாதிரி கீறலாவும் இருந்தா டோ போயிடுச்சு. கம்பி வெளிய தெரியற மாதிரி தேஞ்சிருந்தா மட்டும் கைய வைக்காதீங்க, குத்திடும்.

சரி, மாத்திப் போட்டதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்றேன். மொத மழை, ஒரு வளைவுல மெதுவாத்தான் போறேன், ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்ததும் வண்டியோட பின்பக்கம் தனியா வெளிய நழுவுது. எதிர்ல வண்டி வரல, அதனால தப்பிச்சோம், பின் சீட்ல பிள்ளைங்க இருந்தாங்க. மொட்டை டயர பின்னாடி போட்டதோட வேலை இது. முன் டயர் வழுக்கினா ஸ்டீயரிங்லயே தெரியும், ஸ்பீடக் கொறச்சா பெரும்பாலும் பிடிப்பு திரும்ப வந்துடும். பின் டயர் வழுக்கினா வண்டியே சுத்தும், நம்மள மாதிரி சாதாரணமா ஓட்டறவங்களுக்கு அதைப் பிடிச்சு நேராக்கத் தெரியாது. முன்னாடிதானே இழுக்குது அதனால நல்ல டயர் முன்னாடி இருக்கணும்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, டயர் கம்பெனிங்க சொல்றது நேர் எதிர், ஆழம் அதிகமா இருக்கற ஜோடி பின்னாடிதான் இருக்கணும், ஃப்ரண்ட் வீல் டிரைவா இருந்தாலும் சரி. புதுசா ரெண்டே ரெண்டு வாங்கினாக்கூட புதுசு பின்னாடி போகணும், பின்னாடி இருந்தது முன்னாடி வரணும்.

அதுக்குள்ள இன்னொண்ணும் ஆரம்பிச்சுடுச்சு. முன்னாடி வந்த நல்ல டயர் ரெண்டும் அதே உள் ஓரத்துல தேய ஆரம்பிச்சுது, இழுப்பும் போகல. அப்பத்தான் வேற ஒரு மெக்கானிக்கிட்ட கொண்டு போனேன். அவர் மெஷின்ல ஏத்தறதுக்கு முன்னாடியே முன் சக்கரத்த மேல தூக்கி, கடிகாரத்துல ஒம்பதும் மூணும் இருக்கற எடத்துல ரெண்டு கையையும் வச்சு ஆட்டினார், டக் டக்னு சத்தத்தோட ஆடுது, டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் சேக்கற ராடோட முனை ஜாயிண்ட்) போயிடுச்சு. அப்புறம் என்னைக் கூப்பிட்டு டார்ச் அடிச்சு டை ராட்ல இருக்கற லாக் நட்டைக் காட்டினார். டோ சரி பண்ணணும்னா அந்த நட்டைத் தளர்த்தி ராடைத் திருப்பித்தான் ஆகணும். நட்டுக்கும் ராடுக்கும் நடுவுல பழைய துருவும் காஞ்ச சேறும் ஒரே பொருக்கா ஒட்டிக்கிட்டு இருக்கு, மரையில ஒரு சுத்து கூட புதுசா பளபளன்னு தெரியல. ஸ்பேனர் அதுமேல பட்டதே இல்ல. அவர் மெஷின்ல பாத்தா டோ ரெண்டு பக்கமும் வெளிப்பக்கமா விரிஞ்சு, கம்பெனி அளவத் தாண்டி நிக்குது. அதாவது அலைன்மென்ட்னு பில் போட்ட கடைல அதைப் பண்ணவே இல்ல. பண்ணியிருந்தாலும் நிக்காது, ஆடற ஜாயிண்ட மாத்தாம அலைன்மென்ட் பண்றது வீண் வேலை, அதை அவங்க பாக்கக்கூட இல்ல.

பழைய கடைக்குத் திரும்பப் போனப்ப அவங்க சொன்ன வார்த்தைதான் ரொம்ப உறுத்திச்சு, "நாலு டயரும் போயிடுச்சு சார், செட்டா மாத்திடுங்க". கெட்டுப்போன ரெண்ட பின்னாடி தள்ளி, நல்லா இருந்த ரெண்ட அதே கோளாறுக்கு முன்னாடி குடுத்து, கடைசில நாலு டயர் விக்கப் பாக்கறாங்க. காரணத்த சரி பண்ணாம ரொட்டேஷன் பண்ணினா நடக்கறது இதுதான், தேய்மானம் சமமாகாது, மிச்சம் ரெண்டுக்கும் பரவும்.

அப்ப ஒரு பக்கமா தேஞ்சத மாத்திப் போடவே கூடாதான்னு கேட்டா, போடலாம், வரிசைதான் முக்கியம். மொதல்ல ஆட்டம் இருக்கான்னு பாத்து மாத்தணும், அப்புறம் அலைன்மென்ட், அதுக்கப்புறம் தேய்மானம் லேசா இருந்து முன்னுக்கும் பின்னுக்கும் ஆழத்துல பெரிய வித்தியாசம் இல்லன்னா தாராளமா மாத்துங்க. ஃப்ரண்ட் வீல் டிரைவுக்கு வழக்கமான முறை, முன்னாடி இருக்கறது நேரா அதே பக்கம் பின்னாடி, பின்னாடி இருக்கறது குறுக்கா எதிர்ப்பக்கம் முன்னாடி. டயர் பக்கவாட்டுல சுத்துற திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தா குறுக்கா போடக் கூடாது, அதே பக்கத்துலயே முன்னும் பின்னும்தான். புது டயர்ல பொதுவா 8 மில்லிமீட்டர் போல ஆழம் இருக்கும், பள்ளத்துக்குள்ள சின்ன மேடு இருக்கும் பாருங்க, அது 1.6 மில்லிமீட்டர், எந்த ஒரு ஓரமாவது அதுக்கு வந்துட்டா அந்த டயர முன்னயும் போடாதீங்க பின்னயும் போடாதீங்க, தூக்கிடுங்க. ரொட்டேஷன்ங்கறது டயர் புதுசா இருக்கும்போதே 8,000லேர்ந்து 10,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா பண்ணிட்டு வரவேண்டியது, கெட்டதுக்கப்புறம் குடுக்கற மருந்து இல்ல.

கடைல நிக்கும்போது அலைன்மென்டுக்கு முந்தின அளவு, பிந்தின அளவு ரெண்டும் இருக்கற ரிப்போர்ட் இல்லாம காசு குடுக்காதீங்க, அதுல உங்க வண்டி மாடல்தான் போட்டிருக்கான்னும் பாருங்க. முந்தின அளவே சரியா இருந்தா லாக் நட்டைத் திருப்ப வேண்டியதில்ல, அது நியாயம், அதையும் அந்த ரிப்போர்ட்தான் சொல்லும். மாத்திப் போட்ட பிறகு காத்த டிரைவர் கதவு பக்கம் ஒட்டியிருக்கற அளவுக்கு முன் தனியா பின் தனியா வைக்கச் சொல்லுங்க, எனக்கு அதுவும் வைக்கல. சக்கர நட்டு விஷயமும் அப்படித்தான், காத்து கன்ல ஒரேயடியா இறுக்கி விட்டிருந்தாங்க, வண்டியோட வந்த ஸ்பேனர்ல நான் ஏறி நின்னும் அசையல, ராத்திரி ரோட்டுல பஞ்சர் ஆயிருந்தா ஸ்டெப்னிய மாட்டக்கூட முடியாது. டார்க் ரெஞ்ச்ல (எவ்வளவு இறுக்கறோம்னு அளவு காட்டற ஸ்பேனர்) கம்பெனி அளவுக்கு இறுக்கச் சொல்லுங்க, 50, 100 கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப ஒரு தடவை செக் பண்ணுங்க.

துருப்பிடிச்ச லாக் நட்டு போட்டோ, ரெண்டாவது கடை ரிப்போர்ட், பழைய பில் எல்லாத்தையும் வச்சு எழுத்துல புகார் குடுத்திருக்கேன். அலைன்மென்ட் காசத் திருப்பித் தரோம், டயருக்குப் பொறுப்பேத்துக்க மாட்டோம்னு சொல்றாங்க, நான் இன்னும் கையெழுத்து போடல. டை ராட் எண்ட் ரெண்டு பக்கமும் மாத்தி அலைன்மென்ட் பண்ணியாச்சு, இழுப்பு நின்னுடுச்சு. நாலு டயரும் புதுசுதான் வாங்க வேண்டியிருக்கு, அந்தக் கடைல இல்ல.