பாளையங்கோட்டையில் ஒரு விளையாட்டுக் காயப் பயிற்சி வகுப்பு: மதிப்புரை

பாளையங்கோட்டையிலுள்ள ஓர் இயன்முறை மருத்துவ நிலையம், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் கிராமத்து அணிகளை நடத்துபவர்களுக்கும் ஒரு நாள் வகுப்பு நடத்துகிறது. உடலமைப்பின் அடிப்படையும் ஆடுகளக் காயங்களுக்கான முதல் கவனிப்பும் இதன் பாடம். நாங்குநேரிப் பக்கம் கபடி அணி ஒன்றைக் கவனித்துவரும் நான், இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

206 எலும்புகளின் பெயர்களையும் ஒப்பிக்க வைக்காமல், நம் ஊர் விளையாட்டுகளில் அதிகம் அடிபடுகிற கரண்டைக்கால், முழங்கால், பின்தொடை, தோள் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டது சரியான முடிவு. காலை நேரம் முழுவதும் கரண்டைக்காலுக்கே சென்றது. அவரவர் கரண்டை மூட்டின் வெளிப்புறப் புடைப்பைத் தடவிப் பார்க்கச் சொல்லி, அது கெண்டைக்காலின் வெளிப்பக்க எலும்பு முடியும் இடம் என்றும், அங்கிருந்து மூன்று தசைநார்கள் பாதத்து எலும்புகளைப் பிடித்திருக்கின்றன என்றும், பாதம் உட்புறமாக மடங்கும்போது பெரும்பாலும் முன்புறத் தசைநாரே முதலில் கிழிகிறது என்றும் விளக்கினார்கள். நாம் பொதுவாக ஜவ்வு என்று சொல்லிவிடுகிற ஒன்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை என் விரல் நுனியிலேயே அறிந்துகொண்டேன்.

சுளுக்கா, எலும்பு முறிவா என்று ஐயம் வரும்போது பார்க்க வேண்டியவற்றையும் கற்றுத் தந்தார்கள். கனடாவின் ஒட்டாவா நகரில் 1992இல் வகுக்கப்பட்ட விதிகள் அவை. கரண்டையின் இருபக்கப் புடைப்புகளிலும் கடைசி 6 செ.மீ. நீளத்துக்குப் பின்விளிம்பை அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தாலோ, நான்கு அடி எடுத்து வைக்க முடியாமல் போனாலோ எக்ஸ்ரே அவசியம். வளரும் பிள்ளைகளுக்குத் தசைநாரைவிட எலும்பின் வளர்ச்சிப் பகுதியே வலுக் குறைந்தது என்பதால், பள்ளி மாணவர்களைச் சுளுக்கு என்று எளிதில் விட்டுவிடக் கூடாது என்றும் எச்சரித்தார்கள்.

அடிபட்ட அன்றே எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது நம் கிராமங்களில் ஊறிய வழக்கம். உள்ளே இரத்தம் கசியும் முதல் இரண்டு நாட்களில் சூடும் தேய்ப்பும் வீக்கத்தைக் கூட்டும் என்பதை, பெரியவர்களைப் பழிக்காமல் பொறுமையாக எடுத்துரைத்த பாங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். ஆனால் அது வலியைத் தணிக்குமே தவிர, காயத்தை விரைவில் ஆற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

பிற்பகலில் வேகம் கூடிவிட்டது. பிடிபட்ட காலோடு உடல் திரும்பும்போது முழங்காலினுள் தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் முன்சிலுவைத் தசைநார் அறுவது கபடியில் வாழ்க்கையையே மாற்றிவிடும் காயம். அதற்கு இன்னும் ஒரு மணி நேரமாவது தந்திருக்க வேண்டும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று ஐயம் வந்தால் அன்று மீண்டும் களமிறக்கவே கூடாது என்ற முக்கியமான செய்தியும் கடைசியில் அவசரமாகவே சொல்லப்பட்டது. கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது பெருங்குறை. அடுத்த வகுப்புக்குள் அதைத் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும்.

கட்டணம் நியாயமானது. செல்பவர்கள் முழங்கால் வரை ஏற்றிக்கொள்ளக்கூடிய தளர்ந்த உடை அணிந்து செல்வது நல்லது. பெண்களுக்குச் செய்முறைப் பயிற்சி தனி அறையில் பெண் மருத்துவரால் தரப்படுகிறது.