துள்ளும் மீட்டருக்குக் காசு கொடுக்காதீர்கள்: 80-களின் இரண்டு ஹெட் கேசட் டெக்

பரணில் ஒரு பெட்டி கேசட் இருக்கிறது, கேட்க ஆசை, நாகமிச்சி போன்ற உயர்ரக டெக் வாங்க வசதியில்லை என்பவர்களுக்கு ஏற்ற மெஷின் 1980-களில் ஜப்பான் கம்பெனிகள் நடுத்தர வீடுகளை மனதில் வைத்துச் செய்த, ஒற்றைக் கதவு, இரண்டு ஹெட் (அழிக்க ஒன்று, பதியவும் வாசிக்கவும் ஒன்று) ஸ்டீரியோ டெக்தான். டெக்னிக்ஸின் ஆர்எஸ்-பி, சோனியின் டிசி-எஃப்எக்ஸ், யமஹாவின் கேஎக்ஸ் வரிசைகளில் கீழ்ப்படியில் இருந்த மாடல்கள் இந்த ரகம். வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகளில் நம் ஊருக்கும் நிறைய வந்து சேர்ந்தன.

புதிதாகவே வாங்கிவிடலாமே என்று தோன்றும். இன்று கடைக்கு வரும் புது கேசட் மெஷின்களில் பெரும்பாலானவை தனாஷின் என்ற ஜப்பான் கம்பெனியின் மலிவு மெக்கானிசத்தைப் பார்த்துச் செய்த நகல்கள். நாடா இரைச்சலைக் குறைக்கும் அசல் டால்பி சிப்களும் இப்போது தயாரிப்பில் இல்லை. டீயாக் டபிள்யூ-1200 போன்ற ஒன்றிரண்டில் மட்டும் டால்பி பி-க்கு இணையான சர்க்யூட் வைத்திருக்கிறார்கள். பழைய டெக்கைத் திறந்தால் உள்ளே நல்ல கனமான ஃப்ளைவீல் என்ற சக்கரம் இருக்கும். கேசட்டின் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் நகர்கிறது, அந்த நத்தை வேகத்தைச் சீராக வைத்திருப்பது அந்தக் கனம்தான். கனம் குறைந்தால் வீணையின் நீண்ட கார்வை நடுங்கும், பியானோ தண்ணீருக்குள் வாசித்ததுபோல் இருக்கும்.

வாங்கும்போது பெரும்பாலோர் ஏமாறுவது ஒலியளவு காட்டும் மீட்டரில். ஊசியோ பச்சை-சிவப்பு விளக்கோ துள்ளினால் மனம் விழுந்துவிடும். பெல்ட் மாற்றலாம், ரோலர் மாற்றலாம், மோட்டார்கூடத் தேடிப் பிடிக்கலாம். தேய்ந்த ஹெட்டுக்குச் சரியான மாற்று கிடைப்பது அபூர்வம். ஆகவே பணம் ஹெட்டுக்குத்தான். கதவைத் திறந்து, மேல் மூடியை உருவி, டார்ச் அடித்துப் பாருங்கள். நாடா உரசும் இடம் கண்ணாடிபோல் இருக்க வேண்டும். 3.81 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை பள்ளமாகி, அதன் ஓரத்தில் நகம் தட்டுகிறது என்றால் அந்த ஹெட் நிறையப் பாடி முடித்துவிட்டது. அதில் உச்ச ஸ்தாயி மங்கலாகவே வரும், எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. அகாயின் 'ஜிஎக்ஸ்' எழுத்துள்ள டெக் சகாய விலையில் அகப்பட்டால் யோசிக்க வேண்டாம். அந்தக் கண்ணாடி-ஃபெரைட் ஹெட்டுகள் லேசில் தேயாது.

கடைக்குப் போகும்போது இரண்டு கேசட் கொண்டுபோங்கள். ஒன்று போனாலும் கவலையில்லாதது, இன்னொன்று நன்றாகத் தெரிந்த பாட்டு. முதலில் கழிசடையைப் போட்டு இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ஸ்டாப் அழுத்திக் கதவைத் திறங்கள். வலப்பக்கத்தில் நாடா வளையமாகத் தொங்குகிறதா? அப்படியானால் சுருளை இழுக்கும் ஐட்லர் வழுக்குகிறது, அடுத்த கேசட்டை அது தின்னும். பல சர்வீஸ் கையேடுகளில் இந்த இழுவிசை 30 முதல் 70 கிராம்-செ.மீ. வரை என்று இருக்கும். அளக்கும் கேசட் இல்லாதவர்கள் பக்கம் முடியும் இடத்தில் பிளே செய்து பாருங்கள். நிறைந்த சுருளை இழுக்கத் திணறுகிற மெஷின் அங்கேதான் மாட்டும். இரு பக்கமும் வேகமாகச் சுற்றிப் பாருங்கள், ஒரு நிமிடம் ரெக்கார்டு செய்யுங்கள். ரெக்கார்டு செய்த இடத்தில் பழைய பாட்டு மெலிதாகக் கேட்டால் அழிக்கும் ஹெட்டில் கோளாறு. ஒரு சேனல் வந்து வந்து போனால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் நீளமான ரெக்கார்டு-பிளே ஸ்விட்சில் களிம்பு ஏறியிருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது முறை தள்ளி இழுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

"பெல்ட் மட்டும்தான் போயிருக்கு சார்" என்பது விற்பவரின் தாரக மந்திரம். பாதி நேரம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்தக் காலத்து பெல்ட் வெறுமனே அறுவதில்லை, உருகித் தார்போல் புல்லியில் அப்பிக்கொள்ளும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் காதுக் குச்சியும் வைத்து அதைத் துடைத்தெடுக்கவே ஒரு மணி நேரம் ஆகும். மிச்சம் ஒரு பொட்டு இருந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் பாட்டு ஒரு குலுக்கல் குலுக்கும். பழைய பெல்ட் கிடைக்காவிட்டால் அது ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிட 5 முதல் 7 சதவீதம் குறைவான சுற்றளவில் தட்டை பெல்ட் வாங்குங்கள். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று இன்னும் சின்னதாகப் போடுபவர்கள் உண்டு. மோட்டாரின் பேரிங் சீக்கிரம் போகும், வேகமும் இறங்கும். நாடா ஓட்டத்தை எண்ணும் கவுன்டருக்கு இருக்கும் சின்ன பெல்ட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். சில டெக்குகளில் கவுன்டர் சுற்றாவிட்டால் ஆட்டோ-ஸ்டாப் விழுந்து இரண்டு விநாடியில் நின்றுவிடும், அதை மோட்டார் கோளாறு என்று நினைத்துக் கழற்றுவார்கள்.

நாடாவைக் கேப்ஸ்டன் என்ற சுழலும் தண்டோடு அழுத்தும் ரப்பர் உருளையான பின்ச் ரோலர் பளபளவென்று இருந்தால் இறுகிவிட்டது என்று அர்த்தம். மெல்லிய உப்புத்தாளில் லேசாக உரசினால் கொஞ்ச நாள் தள்ளும், புதிது போடுவதே நல்லது. கேப்ஸ்டன் தண்டைத் துடைத்து, அதன் பேரிங்கில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஒரே சொட்டு. வழிந்தால் ரோலரில் ஏறி நாடாவை வழுக்கவிடும். வேகத்துக்கு 3,150 ஹெர்ட்ஸ் டெஸ்ட் கேசட் போட்டு போனில் அலைவரிசை காட்டும் செயலியைப் பாருங்கள். பல மோட்டார்களின் பின்னால் ஊசித்துளை இருக்கும். உள்ளே உள்ள, வேகத்தை மாற்றும் டிரிம்மரை நகவளவு திருப்பினால் எண் நகரும். பெல்ட் மாற்றிய அரை மணி நேரத்துக்குள் இதைச் செய்யாதீர்கள், புது ரப்பர் சூடேறிப் படிய வேண்டும்.

நம் கேசட்டுகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய கேசட்டுகள் ஊருக்கு ஊர், மெஷினுக்கு மெஷின் வெவ்வேறு ஹெட் சாய்வில் பதிவானவை. ஒன்று துல்லியமாகவும் அடுத்தது போர்வைக்குள் பாடுவது போலவும் கேட்டால் டெக் மேல் பழி போடக்கூடாது. ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் திருகுதான் இந்தச் சாய்வை, அதாவது அஸிமத்தை, மாற்றுவது. ஆம்ப்ளிஃபயரை மோனோவில் வைத்து, தாளக் கருவிகளின் சலங்கை ஒலி மிகக் கூர்மையாக வரும் இடம்வரை திருகைத் திருப்ப வேண்டும். கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. முதலில் எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் அங்கேயே திரும்ப வையுங்கள். கதவு மூடியை எடுத்ததும் இந்தத் திருகு கைக்கு எட்டுகிறதா என்பதையும் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

டால்பி பட்டனைப் பற்றியும் சொல்ல வேண்டும். டால்பி பி சுமார் 10 டெசிபல், சி சுமார் 20 டெசிபல் இரைச்சலைக் குறைக்கும், ஆனால் அதே முறையில் பதிவு செய்த கேசட்டில் மட்டும். இரட்டை-டி சின்னம் இல்லாத கேசட்டில் பட்டனை அழுத்தினால் இரைச்சலோடு பாட்டின் மினுக்கும் போய்விடும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தூசியே தெரியவில்லை என்பது போல.

பூஞ்சை படிந்த கேசட்டை நல்ல டெக்கில் போடவே கூடாது, அது ரோலர் வழியாக மற்றவற்றுக்கும் போகும். ஓசை திடீரென்று மங்கினால் கேசட்டின் நடுவே உள்ள குட்டி ஃபெல்ட் திண்டு ஒட்டு விட்டுக் கழன்றிருக்கிறதா பாருங்கள். ஐந்து திருகு போட்ட வேறொரு கூட்டுக்கு நாடாவை மாற்றிவிடலாம். சி-120 (120 நிமிட) நாடா சுமார் 9 மைக்ரான் தடிமன்தான். கேப்ஸ்டனில் சுற்றிக்கொள்ளப் பிறந்தது.

இந்த டெக்கின் குறை ரெக்கார்டிங். பதிவும் வாசிப்பும் ஒரே ஹெட்டில் என்பதால், பதிவாவதை அப்போதே கேட்க முடியாது. புதிதாகப் பதிவு செய்வதே நோக்கமென்றால் மூன்று ஹெட் மாடலுக்குச் சேமியுங்கள். கேட்க மட்டும் என்றால் அந்தக் கூடுதல் செலவு வீண். இரட்டைக் கதவு டெக்குகளில் பார்க்க வேண்டிய பெல்ட்டும் ரோலரும் இரட்டிப்பு. ஹெட் சுழலும் ஆட்டோ-ரிவர்ஸ் இருந்தால் அஸிமத் ஒரே இடத்தில் நிற்பதும் கடினம். எவ்வளவு மலிவாக வந்தாலும் எங்கள் ஓட்டு ஒற்றைக் கதவுக்கே.

வீட்டுக்கு வந்ததும் பிளக் செருகுமுன் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டு மாடல் 100 வோல்ட். இங்குள்ள 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். வளைகுடா செட்டுகள் பலவற்றில் வோல்டேஜ் மாற்றும் திருகு உண்டு. அது 220-240-இல் நிற்கிறதா பாருங்கள். ஆம்ப்ளிஃபயரில் டேப் அல்லது ஆக்ஸ் துளையில் மாட்டுங்கள், ஃபோனோவில் வேண்டாம். பிளே ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயின் ஸ்விட்சை அணைக்காதீர்கள். ரோலர் கேப்ஸ்டன் மேல் அழுந்தியே கிடந்து பள்ளம் விழும். முதலில் ஸ்டாப்.